குண்டு ஏன் சிதறுகிறது?

அமெரிக்காவில் 1,000 கஜத் தொலைவில் இலக்குச் சுடும் போட்டியாளர்கள் பலர் தங்கள் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, தீப்பற்றவைக்கும் புதிய பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, கூட்டின் வாயில் குண்டைச் செருகித் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். எஃப்-கிளாஸ் எனும் நெடுந்தொலைவுப் போட்டியில் அந்தத் தொலைவில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம்தான். தோட்டாக்கள் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருந்தால்தான் அதற்குள் தொடர்ந்து சுட முடியும்.

பார்த்துப் பார்த்துச் செய்த தோட்டாவின் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறத் தொடங்கினால், கை முதலில் மருந்துத் தராசுக்குத்தான் போகிறது. பெரும்பாலோர் வழிதவறுவது அங்கேதான். ஸ்கோப்பைப் பிணைக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் குண்டு சிதறும். குழலுக்குள் செம்பு படிந்திருந்தாலும் சிதறும். நன்றாகச் சுடும் என்று முன்பே தெரிந்த தோட்டாவை அதே துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். அதுவும் சிதறினால் பழியைப் புதுத் தோட்டாவின் மேல் போட முடியாது.

தோட்டாதான் காரணம் என்று தெரிந்தபின் இலக்கு அட்டையைப் படிக்க வேண்டும். துளைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால், குண்டுகள் ஒரே வேகத்தில் கிளம்பவில்லை என்று சந்தேகிக்கலாம். நொடிக்கு 8 மீட்டர் வேக வித்தியாசம் 100 கஜத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டராகத்தான் தெரியும். 1,000 கஜத்தில் அதுவே 20 சென்டிமீட்டரைத் தாண்டவும் கூடும். மருந்தின் எடை சரியாக இருந்தும் வேகம் மாறினால், கூட்டின் கழுத்தைப் பாருங்கள். பித்தளை ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் சற்று இறுகுகிறது. நான்கு முறை சுட்ட கூட்டையும் புதுக் கூட்டையும் கலந்து வைத்தால், குண்டைப் பிடிக்கும் பிடி கூட்டுக்கொரு விதமாக இருக்கும். கழுத்தை அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்துவது இதற்காகத்தான்.

வேகம் சரியாக இருந்தும் சிதறினால், குறை குண்டிலேயே இருக்கலாம். அதை ஆராய்ந்தவர்களில் மசாசூசெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க்ளின் மான் மறக்கக்கூடாதவர். படித்தது மருத்துவம், வாழ்நாளைத் தின்றது துப்பாக்கி ஆராய்ச்சி. சுடுபவரின் கைப்பிழையே கலக்காதபடி குழலைக் கனமான கான்கிரீட் பீடத்தில் பொருத்தினார். குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்தார். மூக்கு நசுங்கிய குண்டு பெரிதாக விலகவில்லை. அடிப்பாகம் சிதைந்த குண்டு எங்கோ போனது. குழல் வாயைத் தாண்டும் நொடியில், பின்னாலிருந்து தள்ளும் வாயு சிதைந்த பக்கம் முந்திக்கொண்டு வெளியேறி, குண்டை ஒருபுறமாகச் சாய்த்துவிடுகிறது. 1909-இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது.

குண்டு கூட்டில் கோணலாகச் செருகியிருந்தாலும் சிக்கல்தான். தோட்டாவை வி வடிவத் தாங்கியில் உருட்டி, குண்டின்மேல் டயல் அளவியின் முனையைத் தொடவிட்டால் முள்ளின் ஆட்டம் கோணலைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்ததும் விடை கிடைத்துவிட்டதாக முடிவுகட்டுவது பெரிய ஏமாற்று. மூன்று தற்செயலாகவும் நெருங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்துக் குண்டுகளாவது சுட்டு, குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

துல்லியத்தைத் தேடி மருந்தைக் கையேட்டின் உச்ச வரம்புக்கு மேல் ஏற்றாதீர்கள். பிரைமர் தட்டையாகியிருந்தாலோ, சுட்டபின் துப்பாக்கியின் போல்ட்டைத் தூக்கக் கை சிரமப்பட்டாலோ அழுத்தம் எல்லை மீறியிருக்கலாம். அப்படித் தயாரித்த தோட்டாக்களில் இன்னொன்றைக்கூடச் சுடாதீர்கள்.