சாலையில் புள்ளிமான் குறுக்கே வந்தால் என்ன செய்ய வேண்டும்?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் காப்புக்காடுகளை ஒட்டிய ஊர்களுக்குக் கோடைக்காலத்தில் புள்ளிமான்கள் வருவது வழக்கம். காட்டுக் குட்டைகள் வற்றியதும் தண்ணீர் தேடி வயல், ஏரி, சாலை என்று அலைகின்றன. அப்போது வாகனத்தில் அடிபடுவதும், நாய்களிடம் சிக்குவதும், சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளில் விழுவதும் நடக்கின்றன. ஆபத்து மானுக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும்தான்.

மான் சாதுதானே, என்ன ஆபத்து?

வளர்ந்த ஆண் மான் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். வேகமாகப் போகும் பைக்கில் அது மோதினால் ஓட்டுபவர் பிழைப்பதே கஷ்டம். ஆண் மானுக்குக் கொம்பு உண்டு. மிரண்டுபோய், தப்பிக்க வழியில்லாமல் நின்றால் முட்டும், காலால் உதைக்கும்.

சாலையில் கவனிக்க வேண்டியவை

* விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் மான்கள் அதிகம் நடமாடும். காட்டை ஒட்டிய சாலைகளில் அப்போது வேகத்தைக் குறையுங்கள்.
* ஒண்ணு கடந்துடுச்சுன்னு உடனே வண்டியை முறுக்காதீங்க. மான்கள் கூட்டமாக வாழ்பவை; பின்னாலேயே இன்னும் சில வரும்.
* திடீரென்று குறுக்கே வந்தால், நேராகப் போய்க்கொண்டே பிரேக் பிடியுங்கள். மானைத் தப்பவிடச் சட்டென ஸ்டியரிங்கை ஒடித்தால், எதிரே வரும் லாரியிலோ மரத்திலோ மோத நேரிடும். சுவீடன், கனடா போன்ற நாடுகளில் மூஸ் எனும் ராட்சத மான்கள் காரில் மோதி உயிரிழப்புகளே நடக்கின்றன. அங்கும் முதல் அறிவுரை வேகத்தைக் குறையுங்கள் என்பதுதான்.

கிணற்றில் விழுந்தால்?

நீங்களே இறங்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் சொல்லுங்கள். வனத்துறைக்கும் தகவல் கொடுங்கள். கூட்டம் கூடி சத்தம் போட்டால், செல்போனில் படம் எடுக்கச் சூழ்ந்தால், காயமே இல்லாத மானும் பயத்தின் அதிர்ச்சியில் இறந்துவிடலாம். நாய்களைக் கட்டிப்போட்டு, ஆட்களை விலக்குவதே பெரிய உதவி.

குட்டி தனியாகக் கிடந்தால்?

தாய் மான் குட்டியைப் புல்லுக்குள் மறைத்துவிட்டு மேயப் போகும். "பாவம், அனாதையா கிடக்கு" என்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். தொடாமல் விலகிவிட்டால் தாய் திரும்பி வரும். காயம் இருந்தால் மட்டும் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி புள்ளிமானை வேட்டையாடுவதும், அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். அடிபட்டுச் செத்த மானை அறுத்துப் பங்கு போட்டாலும் வழக்குதான். உதிர்ந்து கிடக்கும் கொம்பையும் எடுக்கக் கூடாது.

மக்காச்சோளம் மேய வருகிறது என்று வயலைச் சுற்றிக் கரண்ட் கம்பி கட்டுவதும் சட்டவிரோதம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து வயல்காரரின் உயிரையே அது பறித்துவிடும்.

விபத்து நடந்துவிட்டால்?

வண்டியை ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். ஆளுக்குக் காயம் என்றால் முதலில் 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம். அடிபட்ட மானின் அருகே போகாதீர்கள். வலியில் துள்ளும்போது அதன் கொம்பும் குளம்பும் உங்களைக் கிழித்துவிடும்.