வலைப்பின்னல் அட்டையும் அதன் துபாஷியும்



எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டு இயங்கும் ரௌட்டர் அது. அதற்கு வாயில்கள் இரண்டு. ஒன்று இணையத்தை நோக்கியது. மற்றொன்று படிப்பகத்துக் கணிப்பொறிகளை நோக்கியது. கல்லூரி விண்ணப்பங்களுக்குக் கடைசி நாளாகிய ஒரு காலைப் பொழுதில் வெளி வாயில் செயலற்றுப் போயிற்று. மாணவர் பலர் காத்திருந்தனர். அட்டை எரிந்துவிட்டது, புதிது வாங்குவோம் என்றார் ஒருவர். வாங்குவதற்கு முன் இயந்திரத்தையே வினவிப் பார்ப்போம் என்றேன் நான்.

வினவுவதற்கும் ஒரு முறை உண்டு. வலைப்பின்னல் அட்டை பேசும் மொழி வேறு. லினக்ஸின் உட்கருவாகிய கெர்னல் பேசும் மொழி வேறு. இரண்டிற்கும் இடையே நின்று பேசும் துபாஷிதான் டிரைவர் என்னும் இயக்கி. 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் தோன்றியபின், அதன் தொடக்க கால ஈதர்நெட் இயக்கிகள் பலவற்றை எழுதியவர் டொனால்டு பெக்கர் என்னும் அமெரிக்க அறிஞர். இன்று பெரும்பாலான அட்டைகளுக்கு வேண்டிய இயக்கிகள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன.

முதல் வினா: அட்டை கெர்னலின் கண்ணில் படுகிறதா? எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் ஆணை இதற்கு விடை தரும். எங்கள் பெட்டியில் ரியல்டெக் 8168 என்னும் சில்லின் பெயர் பட்டியலில் இருந்தது. ஆகவே அட்டை எரிந்துவிடவில்லை என்பது தெளிவாயிற்று.

இரண்டாம் வினா: அதற்குத் துபாஷி அமர்ந்திருக்கிறதா? அதே ஆணையோடு 'கே' என்னும் குறியைச் சேர்த்தால், பணியிலுள்ள இயக்கியின் பெயர் தோன்றும். எங்கள் அட்டைக்கு நேரே அப்பெயர் இல்லை. நோய் இருக்கும் இடம் அதுவே.

மூன்றாம் வினா: ஏன் அமரவில்லை? டிமெஸ்க் என்னும் ஆணை கெர்னலின் நாட்குறிப்பைப் படித்துக் காட்டும். சில சில்லுகளுக்கு ஃபர்ம்வேர் என்னும் துணைக் கோப்பும் தேவை. அது கிடைக்காவிடில் அக்குறை பெரும்பாலும் அங்கே பதிவாகியிருக்கும். எங்கள் குறிப்பில் அத்தகைய குறை எதுவும் இல்லை. அட்டையைப் பற்றிய பேச்சே இல்லை.

அப்போதுதான் என் பிழை எனக்கு நினைவுக்கு வந்தது. பல மாதங்களுக்கு முன், தேவை உண்டா என்று ஆராயாமலே, கெர்னலோடு வரும் ஆர்8169 என்னும் இயக்கியைத் தடைப்பட்டியலில் சேர்த்து, ஆர்8168 என்னும் வேறோர் இயக்கியை நானே தொகுத்து நிறுவியிருந்தேன். இவ்வாறு தொகுக்கும் இயக்கி, எந்தக் கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டதோ அதற்கே உரியது. முந்திய இரவு நான் கெர்னலைப் புதுப்பித்தேன். புதிய கெர்னலுக்குப் பழைய துபாஷி பயன்படவில்லை. பயன்படக்கூடிய துபாஷியையோ நானே வாயிலில் தடுத்து வைத்திருந்தேன்! அட்டையின் மீதும் குற்றமில்லை. இயக்கிகளின் மீதும் குற்றமில்லை. தடையை நீக்கி, மோட்ப்ரோப் என்னும் ஆணையால் ஆர்8169ஐ அழைத்தேன். வாயில் திறந்தது. நண்பகலுக்குள் விண்ணப்பங்கள் யாவும் சென்று சேர்ந்தன.

இயக்கி அமர்ந்த பின்னும் இணைப்பு வரவில்லையெனில் மேலும் இரண்டு வினாக்கள் உண்டு. கம்பி வழியே இணைப்பு உண்டா, அதன் வேகம் என்ன என்பதை ஈத்டூல் என்னும் ஆணை கூறும். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைக் கம்பிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். இரு முனைகளும் 1000 மெகாபிட்டுக்கு உரியவையாக இருந்தும் வேகம் 100இல் நின்றால், கம்பியை ஐயுறுக. அடுத்து, வாயிலின் பெயர் மாறியதா என்று காண்க. அமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருப்பின் முகவரி போய்ச் சேராது.

இவ்வினாக்களை வரிசை பிறழாமல் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதைத் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். அன்று என்னிடம் அப்படியொரு குறிப்பு இருந்திருக்குமாயின், அம்மாணவர்கள் காலையெல்லாம் காத்திருக்க நேர்ந்திராது. இப்போது அப்பெட்டியின் அருகே ஒரு குறிப்பேடு தொங்குகிறது. அதன் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருப்பது என் பிழையே.