வீட்டுத்தோட்டத்துக்கு விதையை யாரிடம் வாங்குவது? கல்முனைக் கரையோரத்திலிருந்து சில குறிப்புகள்

கெட்ட மீனை வாங்கினால் சட்டிக்குப் போகுமுன்பே மணம் காட்டிக்கொடுத்துவிடும். விதை அப்படியல்ல. முளைக்காத விதையாவது பத்து நாளில் உண்மையைச் சொல்லிவிடுகிறது, மறுபடி போட்டுக்கொள்ளலாம். முளைத்து, வளர்ந்து, மூன்று மாதம் தண்ணீரும் பசளையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் நாம் கேட்ட இனமல்லாத ஏதோ ஒன்றைக் காய்க்கிற விதைதான் பெரிய நட்டம். பணம் போனால் திரும்ப உழைக்கலாம். போன போகம் திரும்பாது.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான எங்கள் கரையோர ஊர்களில் வீட்டுக்காணி பெரும்பாலும் சில பேர்ச்சுக்குள் அடங்கிவிடும். சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் பல வீடுகளுக்கு அதுவும் இல்லை. கிணற்றடியில் நாலு கத்தரி, மதிலோரம் ஒரு பயிற்றங்கொடி, மொட்டைமாடியில் பழைய அரிசிப் பைகளில் கொச்சிக்காய். பத்துக் கன்றுதான் தோட்டம் என்றால், பத்துக் கன்று பழுதானால் தோட்டம் முழுவதும் பழுது.

2022 ஐ யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூட அறிவித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விதை தேடினோம். தேவை கூடினால் என்ன நடக்கும்? சைக்கிளில் விதை வந்தது, வானில் வந்தது, கைபேசிக் குழுக்களில் வந்தது. பெயரில்லாத பொலித்தீன் பைகளில், கையால் எழுதிய துண்டோடு.

எங்கள் தெருவில் ஒரு ராத்தா இருக்கிறார். கணவரை யுத்தத்தில் இழந்தவர். முற்றத்துக் கொச்சிக்காயையும் கீரையையும் அக்கம்பக்கத்தில் விற்றுத்தான் பிள்ளைகளின் கொப்பி, பென்சில் செலவைப் பார்த்தவர். வானில் வந்தவரிடம் வாங்கிய விதை நன்றாகத்தான் முளைத்தது. பூக்கும் வயதில் பார்த்தால் பாதிக் கன்று ஒரு விதம், பாதி இன்னொரு விதம். காய் விரல்நகம் அளவு.

"ராத்தா, வித்தவர் யார்?" என்று கேட்டேன்.

"யாரெண்டு தெரியா தம்பி. பச்ச வான், அதுதான் தெரியும்."

விதை விற்பவரிடம் பார்க்கவேண்டிய முதல் தகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்: மூன்று மாதம் கழித்து அவரைத் தேடிப் போனால் காண முடியுமா? முடியாதென்றால் அவர் சொல்லும் இனப் பெயருக்கும் முளைதிறனுக்கும் பெறுமதி இல்லை. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல; பொய்யா உண்மையா என்று தெரியவரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. மூத்தம்மாமார் முற்றிய காயைக் கொடியிலேயே விட்டு, காயவைத்து, சாம்பலில் புரட்டி அடுப்படிப் பரணில் தொங்கவிடுவார்கள். பிறகு இடப்பெயர்வு வந்தது. வயற்பக்கம் போகமுடியாத ஆண்டுகள் வந்தன. 2004 டிசம்பர் 26 இல் கடலே வீட்டுக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் கணக்கின் முன்னால் விதைப் பானையைப் பற்றி யார் பேசுவது? ஆனால் பானையும் போனது. அதன்பின் நாங்கள் நிவாரணப் பைக்கற்றுகளுக்குப் பழகினோம். வன்னியில் மீளக்குடியேறிய மக்களுக்கும் இது தெரிந்த கதை. கொடுத்ததை நட்டோம், எந்த இனம், எங்கே விளைந்தது, விதை எடுத்து வைக்கலாமா என்று கேட்கும் வழக்கம் விட்டுப்போனது.

பேரிடர்களுக்குப் பிந்திய விதை உதவியை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் கண்ட ஒரு விடயம் உண்டு: பெரும்பாலும் விதை அந்த ஊர்ச் சந்தையிலும் அயலவரிடமும் மீந்திருக்கிறது; மக்களிடம் இல்லாதது அதை வாங்கும் பணம். அதனால்தான் சில நிறுவனங்கள் பைக்கற்றுக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டைக் கொடுத்து, விதைச் சந்தை கூட்டி, விரும்பியதை வாங்க விட்டன. உதவி தருகிற யாராவது இதை வாசித்தால் கவனிக்கட்டும்.

சரி, இன்று யாரிடம் போவது? நான் முதலில் சொல்வது விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையம். அல்லது உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் திணைக்கள விதை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். 1920 என்ற திணைக்களத் தொலைபேசி ஆலோசனைச் சேவையும் உண்டு. எல்லா நேரமும் எல்லா விதையும் இருக்காது, அது உண்மைதான். ஆனால் எம்ஐ 5 வெண்டி, கேஏ 2 கொச்சிக்காய், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரி போன்ற திணைக்கள இனங்கள் இந்த நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் தெரிவானவை. எம்ஐ என்பது மகா இலுப்பள்ளம் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும் எழுத்து. அதுவும் எங்களைப்போல உலர் வலயம். இவை கலப்பினங்கள் அல்ல என்பதால் விதை எடுத்து மறுபடி நடலாம்.

அடுத்தது கடை. 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டத்தின்படி விதை வியாபாரம் செய்பவர்கள் பதிவுசெய்திருக்க வேண்டும். பொறுப்பு விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப்படுத்தல் பிரிவிடம். "உங்கள் பதிவு இலக்கம் என்ன?" என்று கடைக்காரரிடம் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. பதிவுள்ளவர் சுவரில் காட்டுவார், இல்லாதவர் கோபப்படுவார்.

பைக்கற்றை வாங்கினால் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். இனத்தின் பெயர், தொகுதி இலக்கம், முளைதிறன் வீதம், சோதித்த திகதி, காலாவதித் திகதி, பொதிசெய்தவரின் முகவரி. "ஹைபிரிட்" அல்லது "எப் 1" என்று இருந்தால் அது கலப்பினம்: விளைச்சல் நன்றாக இருக்கலாம், ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. அது மோசடி அல்ல, அந்த விதையின் இயல்பு. அடுத்த முறையும் பணம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்து வாங்குங்கள். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசிய விதை பங்கசுநாசினி கலந்தது. சமையலுக்கு ஆகாது, பிள்ளைகளுக்கும் கோழிக்கும் எட்டாமல் வையுங்கள்.

சிஐசி, ஹேலிஸ் போன்ற பெரிய நிறுவனப் பெயர் இருந்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். நிறுவனம் கொழும்பில் நல்ல விதையைப் பொதிசெய்யலாம்; அது கல்முனையில் எங்கே தொங்குகிறது என்பது வேறு கேள்வி. விதை உயிருள்ள பொருள். அதன் ஈரப்பதன் ஒரு வீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வைக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர்களின் பழைய கணக்கு. திருப்பிப் பாருங்கள்: வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்த எங்கள் கரையில் ஆயுள் அதே வேகத்தில் பாதியாகும். வாசலில் வெயில் விழ, தூசி படிந்து தொங்கும் பைக்கற்றை எந்தப் பெயர் இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். உள்ளே நிழலில், மூடிய பெட்டியில் வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர் மேல். தகரப் பேணியிலிருந்து அளந்து சரை சுற்றித் தரும் விதைக்கு, வந்த பைக்கற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

அயலவரின் விதையைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் எந்தப் பயிர் என்று பார்க்க வேண்டும். பயிற்றையும் தக்காளியும் பெரும்பாலும் தன் பூவிலேயே தான் சூல்கொள்பவை. நல்ல கன்றைப் பார்த்துக் கேட்டால் அதே காய் வரும். கத்தரி, கொச்சிக்காய், வெண்டி ஓரளவு கலக்கும். பக்கத்தில் வேறு இனம் இல்லையென்றால் பயமில்லை. பூசணி, கெக்கரி, புடோல், பீர்க்கு, சுரை பூச்சிகளை நம்பியவை. நாலு வீட்டு மகரந்தமும் கலந்திருக்கும். இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கசப்புக் காட்டினத்தோடு கலந்த சுரை, பீர்க்கு வகைகளில் குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு சேரலாம். 2015 இல் ஜேர்மனியில் அயல்வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசந்த சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார். பாகல் கசக்கட்டும், அது அதன் குணம். சுரையோ பீர்க்கோ கசந்தால் கறியோடு கொட்டிவிடுங்கள்.

கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வரும் மச்சான்மார் பயணப்பெட்டியில் கொண்டுவரும் விதை எங்கள் ஊரின் தனிப்பிரச்சினை. அன்பளிப்புத்தான், ஆனால் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் கொண்டுவர முடியாது. காரணம் வெறும் சம்பிரதாயமல்ல. 2015 இல் ஜோர்தானில் கண்டறியப்பட்ட தக்காளி வைரசு ஒன்று விதையோடும் பயணித்துப் பல நாடுகளுக்குப் போய்விட்டது.

யாரிடம் வாங்கினாலும் சோதனை உங்கள் கையில். இருபது விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் பரப்பி, சுருட்டி, மூடிய பாத்திரத்தில் நிழலில் வையுங்கள். துணி காயவும் கூடாது, தண்ணீர் நிற்கவும் கூடாது. பயிற்றை மூன்று நாலு நாளில் தெரியும், வெண்டிக்கு ஒரு வாரம், கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் இரண்டு வாரம் வரை பொறுங்கள். பதினாலுக்கு மேல் முளைத்தால் நல்லது. பத்துக்கும் பதினாலுக்கும் இடையில் என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள். பத்துக்குக் கீழே என்றால் பைக்கற்றையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது. ரசீது இல்லையென்றால் வழக்கும் இல்லை. ஆகவே சின்னத் தொகைதானே என்று விடாமல் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சோதனை இனம் சரியா என்பதைச் சொல்லாது. அதற்கு ஒரே வழி, புதிய விற்பனையாளரிடம் முதல் போகத்தில் கொஞ்சமாக வாங்கி, மீதியைத் தெரிந்த விதையில் போடுவது.

மீந்த விதையை ஹொர்லிக்ஸ் போத்தலில், வறுத்து ஆறிய அரிசியை அடியில் போட்டு, இறுக மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். அரிசி ஈரத்தை இழுக்கும். வெங்காய விதை ஓராண்டைத் தாண்டாது. மார்கழி மழை தணிந்து தையில் நடுவதற்கு நாற்று வேண்டுமென்றால், கார்த்திகைக்குள் விதையை வாங்கித் துணியில் சுற்றிவிட வேண்டும். பழுதென்று தெரிந்தால் மாற்றிக்கொள்ள அப்போதுதான் நாள் இருக்கும்.