மூச்சுத் திணறும் என்ஜின்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வருவோர், இரும்பு உருக்கும் ஆலைகளுக்குச் செல்லும் லாரிகளில் பழைய என்ஜின்கள் குவிந்து கிடப்பதைக் கண்டிருப்பர். அத்தகைய குவியலிலிருந்து என் மாமா ஒரு ஜீப் என்ஜினின் பிளாக்கை எடைக்கு விலை கொடுத்து மீட்டு வந்தார். உலைக்குப் போக வேண்டியதை மீட்டவர் அவர். மறுபடியும் உலைக்கே அனுப்பப் பார்த்தவன் நான். அது எவ்வாறு என்பதைச் சொல்லுமுன், அந்த என்ஜினைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

அது இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பின் என்ஜின். நான்கு சிலிண்டர், 2199 கன செ.மீ., 60 குதிரைத் திறன். அதன் வால்வுகள் தலையில் இல்லை. சிலிண்டரின் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே மேல்நோக்கி நிற்கின்றன. ஆகவே மெக்கானிக்குகள் இதைச் 'சைடு வால்வு' என்பர். மேலே மூடும் தலை வெறும் தட்டையான மூடி. அமெரிக்கர் இதைத் 'தட்டைத் தலை' என்றே அழைத்தனர். நம் அம்பாசடர் காருங்கூடத் தொடக்கத்தில் சைடு வால்வு என்ஜினோடுதான் வந்தது. 1959இல்தான் வால்வுகள் தலைக்கு ஏறின.

மலிவு, எளிமை, உறுதி ஆகிய மூன்றும் இதில் உண்டு. இல்லாதது ஒன்றே: நல்ல மூச்சு.

கார்புரேட்டரிலிருந்து வரும் காற்றின் பாதையை எண்ணிப் பாருங்கள். பிளாக்கில் உள்ள போர்ட்டின் வழியே நுழைந்து, மேல்நோக்கித் திரும்பி, வால்வைக் கடந்து, தலையின் கூரையில் முட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, பின் கீழ்நோக்கித் திரும்பிச் சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். மேலே ஏறிய காற்று அப்படியே தலைகீழாகத் திரும்புகிறது. இதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போது பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் 133இல் ஒரு பங்குதான். அதற்குள் 550 கன செ.மீ. நிரம்ப வேண்டும். நிரம்புவதில்லை, வேகம் கூடக் கூடத் திணறல் அதிகமாகிறது.

மூச்சின் மதிப்பை அறிய வில்லிஸ் நிறுவனமே ஒரு சான்று தந்திருக்கிறது. 1953இல் வந்த சி.ஜே.3பி ஜீப்பில், அதே கொள்ளளவில், காற்று நுழையும் வால்வை மட்டும் தலைக்கு மாற்றினர். திறன் 72 ஆயிற்று. அழுத்த விகிதமும் சற்று உயர்ந்தது உண்மையே. எனினும் பெரும்பங்கு காற்றுக்கே உரியது. என்ஜின் உயரமானதால் பானெட்டையும் உயர்த்த வேண்டி வந்தது. மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் நெடுங்காலம் செய்து விற்ற உயர்ந்த பானெட் ஜீப்புகளின் தோற்றத்துக்குக் காரணம் இதுதான்!

வால்வை இடம் மாற்றாமலே மூச்சைச் சீராக்க முடியுமா? மாமாவின் கேள்வி இதுதான். இளமையில் சோழவரம் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். போர்க்காலத்து விமானத் தளத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அப்பந்தயங்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்தபின் பழங்கதையாயின. நீண்ட ஓடுபாதையில் என்ஜின் முழு வேகத்தில் நெடுநேரம் ஓடும். மூச்சில்லாத என்ஜின் அங்கே வெளிப்பட்டுவிடும். பழைய வண்டிகளின் போட்டி ஒன்றில் தம் ஜீப்பை ஒருமுறையேனும் ஓட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கே.ஆர். பந்தய மோட்டார் சைக்கிள் சாட்சி. 750 கன செ.மீ. சைடு வால்வு என்ஜினுடைய அவ்வண்டியில் கால் ரேபார்ன் 1968இல் டேடோனா 200 மைல் பந்தயத்தை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரியில் வென்றார். அடுத்த ஆண்டும் வென்றார்.

நாங்கள் செய்த சோதனை எளியது. ஒரு வாக்குவம் கிளீனரால் சிலிண்டரின் அடிப்புறமிருந்து காற்றை இழுத்தோம். நம் ஆய்வகத்தில் உள்ளது போன்ற யூ வடிவக் குழாயில் நீரூற்றி, சிலிண்டரோடு இணைத்தோம். தடை குறைந்தால் நீர்மட்ட வேறுபாடு குறையும். முதலில் வியப்பளித்தது இது: வால்வின் மறுபுறத்தை, அதாவது சிலிண்டருக்கு அப்பால் உள்ள பாதியை, களிமண்ணால் அடைத்தும் நீர்மட்டம் ஏறக்குறைய அசையவில்லை. அந்தப் பாதி சும்மா இருந்திருக்கிறது! காற்றெல்லாம் சிலிண்டரை நோக்கிய பக்கமே செல்கிறது. எனவே அரைக்க வேண்டிய இடம் அதுவே. வால்வு சீட்டுக்குக் கீழுள்ள விளிம்பை மழுக்கியதிலும், போர்ட்டுக்குள் நீட்டிய வால்வு கைடைக் குறைத்ததிலும் நல்ல பலன் கண்டோம். கண்ணாடிபோல் மெருகேற்றுவது வீண்வேலை.

வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள மேட்டையும் தாழ்த்தலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. இந்த என்ஜினின் அழுத்த விகிதம் 6.48, எனவே பிஸ்டன் மேலே நிற்கையில் மிஞ்சும் இடம் சுமார் 100 கன செ.மீ. அதில் 10 கூடினால் விகிதம் 5.98 ஆகிவிடும். வகுப்பில் படித்த ஆட்டோ சுழற்சிச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தேன்: கிடைக்கும் வேலையில் ஏறத்தாழ 3 விழுக்காடு இழப்பு. காற்று அதைவிட அதிகம் கூடினாலன்றி நட்டமே. மறுபுறத்துச் சும்மா இருக்கும் இடத்தைத் தலையில் நிரப்பி இதை ஈடுகட்டலாம். சைடு வால்வு என்ஜினில் எரியும் இடத்தை வால்வுகளின் மேல் ஒடுக்கி, பிஸ்டனின் மேல் இடைவெளியைக் குறைத்து, ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போரை அடுத்தே பெரும்பயன் கண்டிருக்கிறார்.

கணக்கு இவ்வளவு தெரிந்தும் நான் தவறினேன். இரண்டு சிலிண்டர்கள் நன்றாக முடிந்தன. மூன்றாவதில் நீர்மட்டம் இன்னும் இறங்கட்டும் என்று கிரைண்டரை விடாமல் பிடித்திருந்தேன்.

"போதும்டா மாப்பிள்ளே. அதுக்குப் பின்னாலே தண்ணி ஓடுது" என்றார் மாமா.

"இன்னும் கொஞ்சந்தான் மாமா" என்றேன்.

பழைய வார்ப்புகளில் அச்சு சற்று நகர்ந்திருக்கும். ஒரு போர்ட்டின் சுவர் தடிமனாகவும் அடுத்தது மெல்லியதாகவும் அமையும். யூ குழாய் காற்றைக் காட்டுமேயன்றிச் சுவரின் தடிமனைக் காட்டாது. மறுநாள் நீர்ப்பாதையை அடைத்து அழுத்தம் கொடுத்தபோது, மூன்றாம் போர்ட்டில் ஊசிமுனை அளவு நீர் அரும்பியது. எனக்கு வியர்த்துவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. துளையைப் பெரிதாக்கி, மரையிட்டு, சிறு பித்தளைத் திருகை இறுக்கி, தலையை ராவி மட்டமாக்கினார். மீண்டும் அழுத்தம் கொடுத்தார்; கசியவில்லை.

நான்காம் சிலிண்டரை அவரே அரைத்தார். நான் குழாயின் அளவை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். மற்றவற்றைவிட நீர்மட்டம் சற்று உயரமாக இருக்கும்போதே கிரைண்டரை நிறுத்திவிட்டார்.