தலையில்லா யந்திரத்தோடு பேசுவது

தென்காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம், 1990-இல் ஒன்பது நிலைகளுடன் திரும்ப எழும்பும் வரையில், சிரமிழந்த மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றதை உள்ளூர்ப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். தலை போயிற்றே என்று அதன் வழியே சுவாமி தரிசனத்துக்குப் போக யாரும் தயங்கியதில்லை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் யாதொன்றுமின்றி, மின்கம்பியும் நெட்வொர்க் கேபிளும் மட்டுமே துணையாக இராப்பகல் ஊழியம் புரிகின்ற ‘ஹெட்லெஸ் சர்வர்’ என்னும் யந்திரமும் அந்த இனந்தான்.

எதிரே உட்கார்ந்து பார்ப்பவர் இல்லாத இடத்தில் திரை எதற்கு? 2011-இல் தென்காசிப் பக்கம் வந்த ஜோஹோ நிறுவனத்தின் மத்தளம்பாறை அலுவலகத்தில் ஒரு பொறியாளர் கட்டளையிட, எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் சர்வர் அதை நிறைவேற்றுகிறது. இந்தச் சம்பாஷணைக்குரிய மார்க்கம் எஸ்.எஸ்.ஹெச். பழைய டெல்நெட் முறை கடவுச்சொல்லைத் தபால் கார்டில் எழுதியதுபோல் திறந்தபடியே அனுப்பிவந்ததால், 1995-இல் பின்லாந்துக்காரரான தத்து யுலோனன், யாவற்றையும் ரகசியக் குறியீடாக்கி 22-ஆம் போர்ட் வழியே அனுப்பும் இம்முறையை வகுத்தார்.

சர்வர் வாய் திறவாதபோதுதான் சங்கடம். சாரல் காலத்து மாலையொன்றில் கரண்ட் போய் வந்தபின், மேலகரத்து நண்பர் ஒருவர் தம் வீட்டு மாடியில் இருந்த பெட்டியைக் காட்டி, “செத்துப்போச்சு அண்ணாச்சி” என்றார். கேபிள் செருகிய துவாரத்தருகே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, பிராணன் இருந்தது. ரூட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தால், பத்தில் முடிந்த அதன் நெட்வொர்க் முகவரி இருபத்துமூன்றில் முடிவதாக மாறியிருந்தது. குடிபெயர்ந்தவரைப் பழைய வீட்டில் தேடிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்!

மறுமாதம் நேர்ந்தது வேறு. விளக்கு எரிந்தது, ‘பிங்’ செய்து கூப்பிட்டால் பதில் இல்லை. அப்போது கைகொடுத்தது பழைய சீரியல் போர்ட்: ஒன்று அனுப்பும் கம்பி, ஒன்று வாங்கும் கம்பி, ஒன்று எர்த், இவனுடைய வாய் அவனுடைய காதுக்கு என்று முதலிரண்டையும் மாற்றிக் கோத்து, இரு பக்கமும் வேகத்தை 115200 என்று ஒன்றாக வைத்து, லேப்டாப்பில் எண்டர் தட்டினால், கரும்பலகையில் வெள்ளெழுத்துகள் வரிவரியாக இறங்கின. திடீரென மின்சாரம் நின்றதில் டிஸ்க் பழுதுற்று, தொடங்குமுன்னரே ரிப்பேருக்கு உத்தரவு கேட்டு, பார்ப்பாரில்லாத திரைக்காக அந்த யந்திரம் மணிக்கணக்கில் காத்திருந்திருக்கிறது. கீபோர்டே இல்லாதபோது, ‘கீபோர்டைக் காணோம், தொடர எஃப் 1 அழுத்துக’ என்று அடம்பிடிக்கும் பழைய கம்ப்யூட்டர்களின் புத்திசாலித்தனத்தை என்னென்பது!

பெரிய சர்வர்களின் போர்டில், இப்படி வாயடைத்துப்போகும் வேளைகளுக்கென்றே பி.எம்.சி. என்னும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் குடியிருக்கிறது. தாய் யந்திரத்தை அணைத்தாலும், பிளக்கில் கரண்ட் உள்ளவரை அது விழித்திருந்து, தொலைவிலிருந்தே ஆன் செய்யவும் திரையைக் காணவும் வழிவிடும். இன்டெல் முதலிய கம்பெனிகள் 1998-இல் அதற்கு ஐ.பி.எம்.ஐ. என்ற பொதுவிதியை வகுத்தன. பி.எம்.சி.யின் கதவை மட்டும் இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்தல் ஆகாது.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பெட்டி இருக்குமாயின், ஆனிச் சாரல் தொடங்குமுன்னரே ரூட்டரில் அதன் முகவரியை நிலைப்படுத்தி, சீரியல் கன்சோலையும் இயக்கி வையுங்கள்; நின்றுபோன பிறகென்றால், மழையில் நனைந்துகொண்டு யார் வீட்டிலாவது மானிட்டர் இரவல் வாங்கிவர வேண்டியிருக்கும்.