ஆயில் கசிகிறதா?

மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் கருப்புச் சொட்டுகள் தெரிகின்றன. இன்ஜினின் பக்கத்தில் எண்ணெயும் தூசியும் அப்பியிருக்கின்றன. துடைத்தாலும் மறுநாள் அப்படியே. அது ஆயில் கசிவு.

இன்ஜினின் பக்கத்தில் அலுமினிய மூடி ஒன்று உண்டு. அதைக் கிளட்ச் கவர் என்பார்கள். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே மெல்லிய அட்டை போன்ற ஒன்று இருக்கும். அதுதான் பேக்கிங். கேஸ்கட் என்றும் சொல்வார்கள். இரண்டு உலோகங்களை எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் நூலளவு சந்து இருக்கும். பேக்கிங் அதை அடைக்கிறது. சூட்டில் நாளடைவில் காய்ந்து வெடித்துவிடும்.

1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அது போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். அதுவும் சுமார் ஒரு லிட்டர்தான். ஆயில் தீர்ந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ஓடும் வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் விழலாம். பால் கேன் கட்டி ஓட்டுபவருக்குப் பல நாள் வருமானமும் போகும். பேக்கிங்கோ விலை குறைந்த பொருள்.

கசிந்தால் பலரும் போல்ட்டை மேலும் முறுக்குகிறார்கள். அலுமினிய மரை அறுந்துபோகும். பேக்கிங்கை மாற்றுவதே வழி.

வண்டி ஆறட்டும். ஆயிலைப் பழைய டப்பாவில் வடியுங்கள். அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கிக்கரையும், தடுக்கும் கால் மிதியையும் கழற்றுங்கள். மூடியில் கிளட்ச் கேபிள் மாட்டியிருந்தால் அதையும் எடுங்கள். பிறகு மூடியின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். எல்லாப் போல்ட்டும் ஒரே நீளம் அல்ல! ஓர் அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளப் போல்ட் குட்டை இடத்தில் ஏறினால் இன்ஜின் உடையலாம்.

மூடி ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். விழும் கீறல் வழியாகவே மறுபடி கசியும். மரச் சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் போதும்.

அடுத்ததுதான் பொறுமையான வேலை. பழைய பேக்கிங் துண்டு துண்டாக ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். பீடி, அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம். துகள் உள்ளே விழாமல் துணியால் மறையுங்கள். நகத்தால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும்.

அந்த வண்டிக்கே உரிய புதிய பேக்கிங்கை வையுங்கள். பசையை அப்ப வேண்டாம். பிதுங்கிய பசை உள்ளே விழுந்து ஆயில் வழியை அடைக்கும். மூடியை வைத்து எல்லாப் போல்ட்டையும் கையால் திருகுங்கள். பிறகு எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

கழற்றியவற்றை மாட்டுங்கள். புது ஆயில் ஊற்றி, இன்ஜினை 5 நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். மூடியின் ஓரத்தில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். மறுநாளும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.