ஒருவர் படிக்க, ஊரே கேட்கட்டும்



அந்தக் காலத்தில் தோட்டத்திலே எல்லாரும் பத்திரிகை வாங்கியதில்லை. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ ஒன்று லயத்துக்கு வந்தால், எழுத்துத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றது. அதற்கு வெகுமுன்பே நாம் கூடிப் படிப்பதை விட்டுவிட்டோம்.

இதை மாற்றத்தான் பீடோங் பக்கம் சில குடும்பங்கள் சேர்ந்து எங்களுக்குள்ளேயே ஒரு பந்தயம் வைத்தோம். ஒரே புத்தகம், நான்கு ஞாயிறு மாலையில் முடிக்க வேணும். எடுத்தது ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல். 1942-43-இல் ஜப்பான்காரன் நம் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோய்ப் போட வைத்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்தின் கதை.

இரண்டாம் ஞாயிறு, எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் குறுக்கிட்டார். கைநாட்டு வைக்கிறவர். “நான் கைப்புள்ளையா இருக்கறப்போ எங்கப்பாவும் போனாராம். திரும்பி வரலே” என்றார்.

பக்கத்தில் இருந்த பேத்திக்கே அது புதுச் செய்தி. புத்தகத்தை மூடி வைத்தோம். அன்று முழுக்கப் பாட்டி சொன்னார். பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான்கு வாரத்தில் புத்தகம் முடியவில்லை. பந்தயத்தில் தோற்றோம். அதனால் என்ன குறைந்துவிட்டது?

உங்கள் லயத்திலும், தாமானிலும் இப்படி ஒரு புத்தகத்தை எடுங்கள். படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும். தெரியாதவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.